உடம்படுமெய்

பெட்டியைத் திறந்ததும் முதலில் கொட்டியது
பாலைவனம்.
ஒரு சிட்டிகைதான், செங்கல்பொடி நிறம்.
ஊதித் தள்ள உதடு குவித்த லியாவ் பெய்-யுன்
ஏனோ ஊதவில்லை.

காவோசியுங்கில் மழை.
ஆய்வகம் மூன்றாம் மாடி.
செத்த கருவிகளுக்குக் காரணம் எழுதுவது
அவள் உத்தியோகம்.

அடகாமாவில், கலாமாவுக்குத் தெற்கே,
பதினேழாம் இன்வெர்ட்டர் கூண்டு
யாஸ்னா சோக்கேயின் பொறுப்பு.
காகித நாடாவில் ஸ்பானிய மொழியில்
கிறுக்கி ஒட்டியிருந்தாள்.
கைப்பேசி பெயர்த்துச் சொன்னது:
"காலை ஏழு பத்து. சூரியன் வந்தார்.
இவர் கிளம்பிவிட்டார்."

பெய்-யுன் சிரித்தாள். பிறகு
நீர்த்தொட்டியில் அதை மூழ்கவைத்து
ஒலியால் தடவிப் பார்த்தாள்.
ஒட்டிய இடமெல்லாம் கறுப்பு.
விட்டுப்போன இடம் வெள்ளை.
திரை முழுக்க வெள்ளை.

ஒன்பது ஆண்டு.
மூவாயிரத்துச் சொச்சம் விடியல்.
இரவில் உறைபனி,
உச்சிப்பொழுதில் உள்ளே நூற்றிருபது பாகை.
சில்லு ஒரு மயிரிழை நீளும்;
மேலே தைத்த அலுமினியக் கம்பியோ
அதைப்போல் ஐந்தாறு மடங்கு.
சேர்ந்து படுத்தவை
ஒருநாளும் சேர்ந்து எழவில்லை.

சில்லு சாகவில்லை, பாருங்கள்.
அதற்கொரு கீறலும் இல்லை.
செத்தது இடையில் இருந்தது.

ஷின்சுவில் சில்லு வார்க்கும் ஆட்கள்
விருந்துகளில் கேட்பார்கள்:
"நீங்கள் பொட்டலம் கட்டுகிறவர்கள்தானே?"
ஆமாம் என்பாள்,
இறாலை உரித்துக்கொண்டே.
வெயிலைப் பொட்டலம் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா
என்று கேட்டதில்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்:
எங்கள் இலக்கணத்தில்
உயிரும் உயிரும் நேருக்கு நேர் நிற்காது.
மணி, அடித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்,
நடுவே ஒரு யகரம்
யாரும் அழைக்காமல் வந்து நிற்கும்.
அதற்குத் தனிப்பொருள் கிடையாது.
அகராதியில் இடமில்லை.
இரண்டு பேரும் உடன்படுவதற்காக
மெய்யாக நிற்பது, அவ்வளவுதான்.

மேசை இழுப்பறையில் அவள் வைத்திருப்பது
வெள்ளிக் குழைவு.
மாவைவிட நுண்ணிய துகள்.
இருநூற்றைம்பது பாகையில் அழுத்தினால்
உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டும்.
பிறகு தொள்ளாயிரம் பாகைக்கும் இளகாது.
மேலே சிலிக்கன் கார்பைடு, கீழே செம்பு,
நடுவே அது.

மேலாளர் கூ கணக்கை நீட்டினார்.
"ஈயம் இல்லாத பற்றாசு போதாதா?
வெள்ளி விலை தெரியுமா?"
"கூண்டு பதினேழுக்கு ஓர் ஆளை அனுப்பும்
செலவு தெரியுமா?" என்றாள்.
அவர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.
அது சம்மதமா இல்லையா
வியாழன்வரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனை மேடை ஓடியது.
இரண்டு நொடி சூடு, இரண்டு நொடி குளிர்.
நாலு நொடிக்கு ஒரு நாள்.
ஒரு பகலிரவுக்குள்
ஐம்பத்தொன்பது ஆண்டு.

அடுத்ததற்கும் படம் வரைந்திருக்கிறாள்:
கம்பியே இல்லை.
பலகைக்குள்ளேயே புதைந்த சில்லு.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி;
இதற்கு இரண்டு பக்கமும் குளிர்ச்சி.
இதுவரை செய்த ஏழில்
ஐந்து வளைந்துவிட்டன.
ஆறாவதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

ஆடி கழிந்து ஒரு படம் வந்தது,
அங்கே குளிர்காலம்.
ரொட்டியில் பூசிய வெண்ணெய்ப்பழம்,
புகை விடும் குடுவை, கூண்டுக் கதவு,
கண்ணாடிப் பலகைகளின் விளிம்பில்
வெளிச்சம் இப்போதுதான் ஏறுகிறது.
கீழே யாஸ்னா: "ஏழு பத்து. ஒன்றும் ஆகவில்லை."

'பழுதின் காரணம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
பெய்-யுன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
அந்தச் சிட்டிகை மண்
கண்ணாடித் தட்டில் அப்படியே கிடந்தது.
பக்கத்து அறையில்
நாலு நொடிக்கொரு தரம்
விடிந்துகொண்டிருந்தது.